அறையில் இன்னொருவர்

என்னை மூன்று நாடுகள் வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. அதில் எனக்கு ரோசம் ஒன்றும் இல்லை. நாடு என்றால் அதற்கு ஆயிரம் கணக்கு இருக்கும். ஆனால் ஒரு மெஷின், நான் பாதிப் பேச்சில் இருக்கும்போது, "அறையில் இன்னொருவர் இருக்கிறார், நேர்முகம் முடிவுற்றது" என்று என்னை வெளியே தள்ளியதை மட்டும் மறக்கவே மாட்டேன். அந்த இன்னொருவர் என் அம்மா. கையில் திருநீற்றுத் தட்டோடு நின்றிருந்தாள்.

முறையாகச் சொல்லாவிட்டால் தப்பெல்லாம் அம்மா மேல்தான் என்று நீங்களும் நினைத்துவிடுவீர்கள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வீடு இலங்கையின் மலைநாட்டில், ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற பாதையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றாக இருக்கிறது. அம்மா அங்கே கொழுந்து பறிக்கிறவள். அப்பா அதே தோட்டத்து பெக்டரியில் இரவு வாட்சர். நான் மாத்தளை டவுனில், மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் சுத்தம் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஸ்டோரில் டெக்னீஷியனாக இருந்தேன். டெக்னிக்கல் கொலிஜில் டிப்ளோமா முடித்துவிட்டு, "பொம்பளப் புள்ள ஸ்பேனர் புடிக்குமா" என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரு சண்டை போட்டு வாங்கிய வேலை அது.

ஸ்டோரில் என் பொறுப்பு கலர் மெஷின். மிளகை மேலே கொட்டினால் அது சரிந்து விழும்போது கெமரா ஒவ்வொரு மணியாகப் பார்க்கும். கல்லோ காம்போ பப்பாளி விதையோ வந்தால், 'ப்ஸ்' என்று ஒரு பொட்டுக் காற்றை ஊதி அதை மட்டும் தள்ளிவிடும். பழைய மெஷின் நிறத்தை மட்டும்தான் பார்த்தது. புதிதாக வந்ததோ கற்றுக்கொள்ளும் மெஷின். இது நல்ல மிளகு, இது சொத்தை, இது பப்பாளி விதை என்று நாம் கூடை கூடையாகக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஏ.ஐ. வந்துவிட்டது, இனி எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற வழிதான் என்று ஸ்டோரில் பேச்சாகக் கிடந்தது. பேச்சு முழுப் பொய்யும் இல்லை. மிளகு பொறுக்கிய பெண்களில் பாதிப் பேரைப் பொதி கட்டுகிற பக்கத்துக்கு மாற்றினார்கள். அவர்கள் கொஞ்ச நாள் என்னை ஏதோ மெஷினுக்குச் சொந்தக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எனக்கும் அது உறுத்தியது.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த மெஷின் பிடித்திருந்தது. மழைக்காலத்தில் அது அடம் பிடிக்கும். காற்றுக் குழாயில் ஈரம் இறங்கி வால்வு ஒட்டிக்கொள்ளும், ஊத வேண்டிய இடத்தில் ஊதாமல் கல்லையும் மிளகையும் சேர்த்து விட்டுவிடும். நான் அதைத் திட்டிக்கொண்டே கழற்றுவேன், திட்டிக்கொண்டே பூட்டுவேன். ஒவ்வொரு தடவையும் வீடியோ எடுத்து, இங்கே இப்படி ஆகிறது, நான் இப்படிச் சரிசெய்தேன் என்று மெஷினைச் செய்த வெளிநாட்டுக் கம்பனிக்கு அனுப்பினேன். இரண்டு வருஷம் அனுப்பியிருப்பேன். ஒரு நாள் அவர்களிடமிருந்து பதில் வந்தது: எங்களிடம் சேர்விஸ் பகுதியில் ஒரு வேலை இருக்கிறது, விண்ணப்பிக்கிறீர்களா?

அதற்கு முன் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. முதல் நாடு, நான் பத்திரமெல்லாம் சேர்த்து முடிப்பதற்குள் என் வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இரண்டாவது நாட்டுக்காகக் காத்திருந்ததில் என் ஆங்கிலச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. மூன்றாவது நாடு, இவ்வளவு சம்பளத்துக்குக் குறைவாக இருந்தால் வரவேண்டாம் என்று கோட்டை ஓர் அடி மேலே தூக்கிப் போட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, எனக்கு முழம் ஏறினாலும் சறுக்கியது. இது நாலாவது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். எனக்கு அவர்களிடம் இன்னும் வேலை இருக்கிறது.

இந்த நாலாவது நாட்டிலும் விதி மாறப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து பட்டம் இல்லாத டெக்னீஷியன்களுக்கு வீசா கிடையாது. அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய விதி. என்னிடம் இருந்தது டிப்ளோமா. அதாவது மூன்று கிழமைக்குள், இருபத்தொரு நாளில், நேர்முகம் முடிந்து, கம்பனி கடிதம் தந்து, வீசா விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். தவறினால் இந்தக் கதவும் மூடிவிடும், அதற்கப்புறம் தட்ட எனக்கு வேறு கதவு இல்லை.

நேர்முகம் செய்வது மனுஷர் இல்லை, மெஷின் என்று எழுதியிருந்தார்கள். நாற்பது நிமிஷம். அறையில் தனியாக இருக்க வேண்டும், மேசையில் ஒன்றும் இருக்கக்கூடாது, தொடங்குமுன் கெமராவைச் சுற்றிக் காட்ட வேண்டும். வேறு யாரும் வந்தால் தானாக நின்றுவிடும்.

நான் அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். அப்பாவிடம் இரண்டு தடவை. லயத்தில் எங்களுக்கு இருப்பது முன் காம்பரா என்கிற ஓர் அறை, பின்னால் சமைக்கக் குசினி. சிக்னல் முன் காம்பராவின் ஜன்னலோரம் மட்டும்தான் நிற்கும். கதவில் பெரிய எழுத்தில் 'உள்ளே வரக்கூடாது' என்று எழுதி ஒட்டினேன். அம்மா கலண்டரைப் பார்த்து, புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிடிக்குமுன் முடித்துவிடு என்று நேரம் குறித்துத் தந்தாள். அன்றைக்கு மலைக்கு வேலைக்குப் போகாமல், ஒரு நாள் பேரை, அன்றைய கூலியை, விட்டுவிட்டு வீட்டிலேயே நின்றாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன முக்கியமான காரியத்துக்குப் போனாலும் அம்மா நெற்றியில் திருநீறு பூசிவிட்டுத்தான் படி இறங்க விடுவாள். பள்ளிக்கூடச் சோதனைக்குப் போனபோதும், ஸ்டோரில் முதல் நாள் போனபோதும், ஆசுப்பத்திரியில் பல் பிடுங்கப் போனபோதும்கூட. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளிநாட்டுக்காரன் மெஷின் முன்னால் நெற்றி நிறையப் பட்டையோடு எதற்கு என்று நினைத்து, அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து நைசாக உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டேன். இதை அன்றைக்கு நான் யாருக்கும் சொல்லவில்லை.

பன்னிரண்டு நிமிஷம் நன்றாகப் போனது. மெஷினின் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. நீங்கள் செய்த ஒரு தவறைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டது. நான் வாயைத் திறந்தேன். பின்னால் கதவு மெல்லத் திறந்தது.

அம்மா அடிமேல் அடி வைத்து வந்தாள். வாய் பேசாவிட்டால் வந்ததாகக் கணக்கில்லை என்று நினைத்தாளோ என்னவோ, உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். நான் கண்ணால் போ போ என்றேன். அவள் என் நெற்றியில் மூன்று விரலால் இழுத்தாள். தூள் கண்ணில் விழாமல் ஒரு கையால் என் கண்ணைப் பொத்திக்கொண்டு, 'பூ' என்று ஊதியும் விட்டாள். அவள் கையை எடுத்து நான் கண்ணைத் திறந்தபோது திரையில் அந்த வரி நின்றது.

எனக்குக் கோபம் வந்தால் ஊர் தாங்காது. அன்று நான் பேசியதைத் திருப்பி எழுதவே கூச்சமாக இருக்கிறது. வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்துவிட்டாயே என்றேன், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும் கதவில் இருப்பது தெரியவில்லையா என்றேன். கடைசியில், "ஒன்னாலதான் நான் இந்த லயத்துலயே கெடந்து சாகப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழியாமல் எடுத்து மடித்து மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

அதோடு எங்கள் வீட்டில் பேச்சு நின்றது. அப்பாதான் நடுவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். "ஒங்க மகளுக்குச் சோறு போட்டு வச்சிருக்குன்னு சொல்லுங்க" என்று குசினியிலிருந்து வரும். "பசிக்கலன்னு சொல்லுங்க" என்று காம்பராவிலிருந்து போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இரண்டு பேருக்கும் எல்லாம் நேரடியாகவே கேட்கும். அப்பா ராத்திரி வேலை முடித்து வந்து தூங்க வேண்டிய மனுஷர், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி ஆளுக்கொரு கடிதம் எழுதிப் போடுங்கள், நான் தபால்காரன் மாதிரி கொடுத்துவிட்டுப் படுக்கிறேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

லயத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வீசா விஷயத்தில் எங்கள் ஊரில் அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. டோஹாவில் மகன் இருக்கும் பக்கத்து வீட்டு அத்தை, எம்பசிக்கு நேரே போய் அழுதால் தருவார்கள் என்றார். த்ரீவீலர்காரர், கம்பனிக்காரனுக்கு இரண்டு கிலோ நல்ல ஏலக்காய் அனுப்பிப் பார் என்றார். மெஷினுக்கு ஏலக்காய் என்னத்துக்கு என்று கேட்டேன். மெஷினை வைத்திருக்கிறவன் தேத்தண்ணி குடிப்பான்தானே என்றார்.

நான் போனது ரத்தோட்டை டவுனில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் நானாவிடம். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். போட்டோக்கொப்பி, ஸ்கேன், வெளிநாட்டு விண்ணப்பப் பாரம் நிரப்புவது எல்லாம் அவர்தான். எந்த நாட்டில் எந்த விதி மாறினாலும் அந்த நாட்டு மந்திரிக்கு முன் நானாவுக்குத் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். கம்பனியின் தளத்தில் மேன்முறையீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி இருந்தது: நடந்ததை ஐந்நூறு எழுத்துக்குள் விளக்குக. நானா ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதலாம் என்றார். எழுதினோம். 'எதிர்பாராத குடும்பச் சூழ்நிலை காரணமாக ஏற்பட்ட இடையூறுக்கு ஆழ்ந்த வருத்தம்' என்று ஆரம்பித்து, மந்திரி வீட்டுச் சாவுக்கு அனுதாபம் தெரிவிப்பதுபோல முடிந்தது. அனுப்பி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, பதில் வந்தது: உங்கள் விளக்கம் ஏற்கப்படவில்லை. மெஷின் எழுதியதை மெஷின் படித்து மெஷினே வேண்டாம் என்றது. இதற்கு நடுவில் நான் எதற்கு பஸ் ஏறி வந்தேன் என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

இன்னும் ஒரு தடவை எழுத இடம் இருந்தது. நானாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு நானே எழுதினேன். 'உள்ளே வந்தவர் என் தாய். எங்கள் வீட்டில் யாரும் முக்கியமான காரியத்துக்கு நெற்றியில் திருநீறு இல்லாமல் போவதில்லை. நான் அதைப் பூசிக்கொள்ளாமல் ஒளிந்து வந்தேன். அவர் தேடி வந்து பூசினார். அவர் எனக்குப் பதில் சொல்லித்தரவில்லை. அவருக்கு உங்கள் மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. சந்தேகம் இருந்தால் அவரையே கேளுங்கள். ஆனால் கேட்பது ஒரு மனுஷராக இருக்கட்டும்.' நானா அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இத அனுப்ப வாணாம் தங்கச்சி. சண்டைக்குப் போற மாதிரி ஈக்கி" என்றார். அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. மெஷின் இல்லை, ஆள். மேன்முறையீடுகளைப் பார்க்கிறவராம். திங்கட்கிழமை பிற்பகல் வீடியோவில் என் தாயோடு பேச விரும்புகிறேன் என்று எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பைத் திரையில் மெஷின் செய்யும். நான் பக்கத்தில், கெமராவுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் ஒரு சொல் பேசக்கூடாது, கையைக்கூட அசைக்கக்கூடாது. அந்தத் திங்களிலிருந்து முதலாம் திகதிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

இப்போது நான் அம்மாவோடு பேசியே ஆக வேண்டும். அப்பாவை அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்; அந்த மனுஷர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். குசினிக் கதவில் போய் நின்று, ஒன்னோட பேசணுமாம் என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, என்ன கேப்பாங்க என்றாள். தெரியாது என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

திங்கட்கிழமை அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் கையிரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு இருந்தேன். திரையில் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண் சிரித்தார். அவர் பேசினால் கீழே தமிழில் எழுத்து வந்தது, கூடவே ஒரு குரல் அதை வாசித்தது. அம்மா பேசினால் ஆங்கிலத்தில் ஓடியது. நீங்கள் யார் என்று முதலில் கேட்டார்.

"நான்தான் இவளப் பெத்தவ, மிஸ்."

மகளுக்கு ஏதாவது பதில் சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இவளுக்கா? நான் சொல்லி இவ என்னைக்குக் கேட்டுருக்கா? ஒரு கொடை எடுத்துட்டுப் போடின்னாக் கேக்க மாட்டா, மிஸ்." அந்தப் பெண் கீழே எழுத்தைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பதில் சொல்ல நாக்குத் துடித்தது. கையை அசைக்கக்கூட உரிமை இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாய் மூடி இருந்ததே கிடையாது.

பிறகு அவர் கேட்டார்: உள்ளே வரக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியுமா?

அம்மா, "தெரியும் மிஸ். இவ மூணு தடவ சொன்னா" என்றாள். பிறகு சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் பேசினாள்.

"பூசாமப் போறாளேன்னுதான் வந்தேன். நின்னு போகும்னு நெனைக்கல. ஆனா நின்னுச்சுல்ல மிஸ், அப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. போக மாட்டா, இங்கனதான் இருப்பான்னு. அர நாளு அப்புடித்தான் இருந்துச்சு. அப்பறம் இவ மொகத்தப் பாத்தேன். எனக்குச் சோறு எறங்கல. இவ ஏசுனான்னு நான் பேசாம இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அப்புடி இல்ல. சந்தோஷப்பட்ட மொகத்த வச்சுக்கிட்டு எப்புடிப் பேசுறது? இன்னொரு தடவ குடுங்க மிஸ். அன்னைக்கு நான் வீட்டுலயே இருக்க மாட்டேன், மலைக்குப் போயிருவேன்."

நான் அதைக் காதால் தமிழில் கேட்டேன், கண்ணால் ஆங்கிலத்தில் படித்தேன். இரண்டு தடவை வந்து விழுந்தது. என் அம்மா என்னைப் பெற்ற நாளிலிருந்து என்னிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஒரு மெஷின் வழியாகச் சொல்லிவிட்டாள். நான் கையை மேசையில் வைத்தபடியே அழுதேன். அழுவது பேச்சில் சேராது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, புதன்கிழமை மறுபடியும் நேர்முகம் நடக்கும், இந்தத் தடவை மெஷினோடு நானும் இருப்பேன் என்றார். திரை அணைந்ததும் அம்மா என்னைப் பார்த்து, மூக்கத் தொடச்சுக்கடி என்றாள். நான் ஒளிந்து போனதைச் சொன்னேன். தெரியும் என்றாள். குழாயடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். இரண்டு பேரும் அப்பா எழும்பும்வரை சிரித்தோம்.

புதன்கிழமை நடந்ததுதான் கூத்து. விடியற்காலையிலேயே எனக்குப் பூசிவிட்டு அம்மா கூடையோடு மலைக்கு ஏறிவிட்டாள். ஆனால் போகும் வழியில் லயம் முழுக்க உத்தரவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பத்து மணிக்கு எங்கள் வரிசையில் ஒரு ரேடியோ சத்தம் இல்லை. அப்பா தூக்கத்தைவிட்டுக் கதவுக்கு வெளியே கதிரை போட்டுக் கையில் தடியோடு உட்கார்ந்திருந்தார். டோஹா அத்தை பாதை முனையில் நின்று, மீன்காரரின் மோட்டார்சைக்கிளை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாராம். என்னைச் சுற்றி அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தவறைப் பற்றிய அதே கேள்வியை மெஷின் மறுபடி கேட்டது. மழைக்காலத்தில் ஈரத்தைக் கவனிக்காமல் வால்வை மூன்று தடவை மாற்றிவிட்டு மெஷினைத் திட்டிக்கொண்டிருந்த கதையைச் சொன்னேன். தப்பு மெஷினில் இல்லை, எங்கள் மழையிலும் என் அவசரத்திலும்தான் என்றேன். நரைத்த முடிப் பெண் எதையோ குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கம்பனியின் கடிதம் வந்தது. திங்கள் மத்தியானம் நானாவின் கடையில் வீசா விண்ணப்பம் போனது. முதலாம் திகதிக்கு மூன்று நாள் இருந்தது. நானா பட்டனை அழுத்துமுன் "பிஸ்மில்லாஹ்" என்றார். அழுத்திய பிறகு கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பிளேன் டீ சொன்னார். ஏழு கிழமைக்குப் பிறகு வீசா வந்தபோது, லயத்தில் எந்த வீட்டிலும் அன்று பகல் சமைக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் ஒரே பானையில் எல்லோருக்கும் சமைத்தார்கள். நான் ஆடினேன் என்று சொல்கிறார்கள். வீடியோ இருக்கிறதாம். நான் பார்க்க மாட்டேன்.

இதெல்லாம் நடந்து மூன்றாவது வருஷம் ஓடுகிறது. நான் இந்த நாட்டுக்கு எந்த வேலைக்காக வந்தேனோ, அது இப்போது இங்கே இல்லை. வால்வு ஒட்டினால் மெஷின் தானே கண்டுபிடித்துத் தானே சொல்கிறது. சேர்விஸ் பகுதியில் பாதிப் பேரைக் குறைத்தார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் மெஷினுக்கு எந்த ஊர் மிளகு எப்படி இருக்கும் என்று காட்டிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. மலபார், வியட்நாம், மாத்தளை என்று கிண்ணம் கிண்ணமாக வைத்துக்கொண்டு நாளெல்லாம் அதோடு மல்லுக்கட்டுகிறேன். நான் படித்த காலத்தில் இந்த வேலைக்குப் பெயரே இருக்கவில்லை. இன்னும் இரண்டு வருஷத்தில் இதுவும் இருக்குமோ தெரியாது. அப்போது வேறொன்றைப் பிடித்துக்கொள்வேன், எனக்குச் சண்டை போடத் தெரியும்.

இந்த வருஷம் மாசி மகத்துக்கு ஊருக்குப் போக டிக்கட் போட்டிருந்தேன். மாத்தளை மாரியம்மனுக்கு ஐந்து தேர் ஓடும். அம்மாவோடு நின்று பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. ஆபீசில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துவிட்டது. பெட்டியும் கட்டியாயிற்று.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது அம்மா அழைத்தாள். விதி மறுபடியும் மாறுகிறதாம். இந்த மாத முடிவுக்குள் வீசாவைப் புதுப்பிக்க விண்ணப்பம் அனுப்பினால் பழைய விதி, பிந்தினால் மறுபடி முதலிலிருந்து. நான் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அடுத்த மாதம் பிறந்துவிடும். அனுப்பிவிட்டு முடிவு வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. நான் இங்கேயே இருக்கிறேன், எனக்கு அது தெரியாது. நானா படித்துச் சொல்ல, அம்மா ரத்தோட்டையிலிருந்து எனக்குச் சொல்கிறாள்.

வந்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நடக்கிறது நடக்கட்டும் என்றேன். மனதுக்குள் அம்மா சரி என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"வராத" என்றாள் அம்மா.

ஒனக்கு என்னப் பாக்கணும்னு இல்லையா என்று கேட்டேன். சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

"இருக்கு. தேரு வருஷா வருஷம் வரும். நீ மொதல்ல பாரத்த அனுப்பிட்டு எனக்குச் சொல்லு. அதுக்கப்பறம் நான் அழுதுக்கிறேன்."

அன்று சாயங்காலமே உட்கார்ந்து நிரப்பினேன். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். அனுப்பி முடித்ததும் அம்மாவுக்கு அழைத்து, அனுப்பிட்டேன் என்றேன்.

"நல்லாப் பாத்து அனுப்புனியா?"

"பாத்துத்தான் அனுப்புனேன்."

"சரி, போன வை" என்றாள்.